மேக் அண்ட் சீஸ்ல எதுக்குங்க கரம் மசாலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல குழந்தைங்க சமையல் பக்கத்துல மேக் அண்ட் சீஸ் (வெந்த மக்ரோனிய சீஸ் சாஸ்ல பொரட்டற அமெரிக்க பண்டம்) செய்முறை போட்டிருந்தீங்க. நமக்கு ஊர் திருச்சி, இப்ப இருக்கறது அமெரிக்கால ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா பக்கத்துல, இ-பேப்பர்ல தான் படிக்கறது. தலைப்ப பாத்ததும் பரவால்லயே நம்ம பேப்பர்லயே வந்துடுச்சேன்னு ஆசையா தான் உள்ள போனேன், பாத்தா வெங்காயம் தக்காளி குடைமிளகாய் இஞ்சி பூண்டு விழுது எல்லாம் வதக்கணுமாம், அரை ஸ்பூன் கரம் மசாலா போடணுமாம், வெந்த மக்ரோனிய கொட்டி கிளறி எறக்கறப்ப ரெண்டு சீஸ் கியூப் துருவி தூவி சூடா பரிமாறணுமாம். போட்டோல வேற கரண்டிய தூக்கினா அரை அடிக்கு நூல் நூலா இழுக்குது, அது பீட்சாவுல போடற மொசரெல்லா, செய்முறைல சொன்ன சீஸே கிடையாது. பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி, இத கண்டுபிடிச்சது அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன்னு. அதுக்கும் கீழ பொடி எழுத்துல, இது ஜங்க் ஃபுட், குழந்தைங்களுக்கு அடிக்கடி குடுக்காதீங்கன்னு. குடுக்க வேணாம்னா எதுக்கு குழந்தைங்க பக்கத்துல போட்டீங்கன்னு தெரியல, அது போகட்டும்.

மசாலா மக்ரோனி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க, எங்க வீட்லயும் சாயங்காலம் டிபனுக்கு பண்றது தான், நல்லாவும் இருக்கும். ஆனா அது வேற இது வேற. மேக் அண்ட் சீஸோட ருசியே அது சாதுவா இருக்கறதுல தான் இருக்கு. பால், வெண்ணெய், சீஸ், உப்பு, மக்ரோனி, முக்கியமானது அஞ்சே அஞ்சு, அதுல ஒண்ணு மட்டமா இருந்தாலும் நாக்குல காட்டி குடுத்துடும். தயிர் சாதத்துல கரம் மசாலா போட்டு பெசைஞ்சா நம்ம வீட்டு பெரியவங்க என்ன சொல்வாங்களோ அதையே தான் நானும் சொல்றேன். காரம் வேணும்னா தொட்டுக்கங்க, உள்ள கலக்காதீங்க. இந்த லெட்டர்ல நான் சொல்ல வந்ததே இவ்வளவு தான், மிச்சம் எல்லாம் இதுக்கு விளக்கம், கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கங்க.

இந்த பதார்த்தம் மேல எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா இங்க தெற்கு மாநிலங்கள்ல ஒரு சைவக்காரி பொழைக்கணும்னா இது தான் கதி. இந்த ஊர் பக்கம் மதிய சாப்பாட்டுக் கடைங்கள்ல "மீட் அண்ட் த்ரீ"ன்னு ஒரு முறை இருக்கு, ஒரு கறி, கூட மூணு காய், எல்லாம் சேத்து ஒரே ரேட்டு. எங்களுக்கு கறி வேணாம், காய் மட்டும் வாங்கிக்கலாம், அதுக்கும் தனி ரேட்டு உண்டு. சரி காய் தானேன்னு பாத்தா, காலர்ட் கீரைய பன்னி எலும்ப போட்டு வேக வெச்சிருப்பாங்க, பீன்ஸ்ல பேக்கன்ங்கற பன்னிக்கறி துண்டு கிடக்கும், தட்டப்பயறுலயும் பன்னிக்கறி. அந்த காய் லிஸ்ட்லயே, கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் நடுவுல, மேக் அண்ட் சீஸ்னு எழுதியிருப்பாங்க பாருங்க, நான் வந்த புதுசுல சிரிச்சேன், இது எப்பிடிங்க காய்னு. இங்க யாருமே சிரிக்கறதில்ல, அவங்களுக்கு அது காய் வரிசைல தான் சேத்தி. அந்த வரிசைல கண்ண மூடிட்டு கை வைக்கக் கூடிய ஐட்டம் பெரும்பாலும் அது ஒண்ணு தான் (அதுலயும் சில கடைல பேக்கன் துண்ட தூவி வைப்பாங்க, கேட்டுட்டு வாங்கறது நல்லது).

ஆபீஸ்ல நவம்பர் மாசம் தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடி பாட்லக் நடக்கும், ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வரணும். செவுத்துல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும், அதுல அவங்கவங்க என்ன கொண்டு வர்றாங்கன்னு எழுதணும். பேப்பர் பிளேட்டு, கூல்ட்ரிங்ஸ், கேக்கு, இதெல்லாம் யார் வேணா எழுதலாம். மேக் அண்ட் சீஸ்னு இருக்கற கோட்டுல மட்டும் யாரும் தன்னிஷ்டத்துக்கு பேர் எழுதிட முடியாது, அது எங்க செக்‌ஷன்ல இருக்கற ஒரு கறுப்பின அக்காவோட இடம். கறுப்பின மக்கள் வீட்ல ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து சாப்பிடற சாப்பாட்டுக்கும் தேங்க்ஸ்கிவிங்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் இது இல்லாம எலை போட மாட்டாங்க, அதுவும் அவன் (oven) அடுப்புல சுட்ட வகை. விருந்துக்கு போனா முதல்ல கேக்கற கேள்வியே இத யார் பண்ணாங்கன்னு தான், ஆள் சரியில்லைன்னா தட்டுல ஒரு ஸ்பூன் மரியாதைக்கு வெச்சுக்கிட்டு நகந்துடுவாங்க.

அந்த அக்கா கொண்டு வர்ற அலுமினிய டிரேய நீங்க பாக்கணும். மேல ஃபாயில எடுத்தா முழுசும் ஒரே மஞ்சளா இருக்காது, நடுவுல வெளிர் மஞ்சள், ஓரம் போகப் போக பழுப்பு, நாலு மூலையும் கருகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்த மாதிரி கரும்பழுப்பு. கரண்டிய விட்டா மொத்தமா தளதளன்னு ஆடாது, சதுரமா வெட்டி எடுக்கலாம், வெட்டின பக்கத்துல அடுக்கு அடுக்கா சீஸ் தெரியும், ஒவ்வொரு மக்ரோனி ஓட்டைக்குள்ளயும் சாஸ் உக்காந்திருக்கும். மூலைத் துண்டுக்கு அடிதடி தான், மேனேஜரே முன்னாடி வந்து நிப்பாரு. நான் எப்பிடி பண்றீங்கன்னு கேட்டதுக்கு அந்தம்மா அளவு ஒண்ணும் சொல்லல, கடைல துருவி வெச்ச பாக்கெட் சீஸ் வாங்கினியானா என்கிட்ட பேசாதன்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப அந்த பெட்டிச் செய்திக்கு வரேன். ஜெஃபர்சன் கண்டுபிடிச்சார்ங்கறது தப்புங்க. மக்ரோனியும் சீஸும் சேத்து சமைக்கற குறிப்பு இங்கிலாந்துல எலிசபெத் ராஃபால்ட்ங்கற அம்மா 1769லயே அவங்க சமையல் புத்தகத்துல போட்டாச்சு. ஜெஃபர்சன் 1784ல பாரீசுக்கு போறப்ப ஜேம்ஸ் ஹெமிங்ஸ்னு ஒரு பத்தொம்பது வயசு பையன கூட்டிட்டு போனாரு, கூட்டிட்டுன்னா, அவரோட அடிமையா. அதுல இன்னொரு கொடும என்னன்னா அந்த பையன் ஜெஃபர்சனோட மனைவிக்கு தகப்பன் வழில தம்பி முறை. பாரீசுல பிரெஞ்சு சமையல் கத்துக்கிட்டு அங்க ஜெஃபர்சன் வீட்டு தலைமை சமையல்காரரா இருந்தாரு, 1789ல திரும்பி வந்து இங்கயும் அடுப்படில நின்னது அவரு தான். விடுதலை குடுங்கன்னதுக்கு இன்னொரு ஆளுக்கு சமையல் சொல்லி குடுத்துட்டு போன்னு நிபந்தனை போட்டாரு ஜெஃபர்சன், அதனால தன் கூடப் பொறந்த தம்பி பீட்டருக்கே சொல்லி குடுத்துட்டு 1796ல வெளிய வந்தாரு ஜேம்ஸ். 1801ல செத்தும் போயிட்டாரு. அதுக்கு அடுத்த வருசம், 1802ல, ஜனாதிபதி மாளிகை விருந்துல மக்ரோனி பை வெச்சாங்கன்னு அன்னிக்கு சாப்பிட வந்த மனாசே கட்லர்ங்கற எம்.பி தன் டைரில எழுதியிருக்காரு, அவருக்கு அது பிடிக்கவும் இல்ல. இவ்வளவு பேர் கை பட்டிருக்கு, உங்க பெட்டில சாப்பிட்டவர் பேர் மட்டும் தான் இருக்கு. இந்த ஊர்ல அடுப்படில நின்னவங்களோட வாரிசுங்க தான் இன்னிக்கும் அந்த டிரேய தூக்கிட்டு வர்றாங்க, அவங்க முன்னாடி போய் ஜெஃபர்சன் கண்டுபிடிச்சார்னு சொல்லிப் பாருங்க தெரியும்.

ஜங்க் ஃபுட்னு நீங்க சொன்னது டப்பால வர்ற வகைய மனசுல வெச்சுக்கிட்டுன்னு நெனைக்கறேன். அதுவும் பாவம், திட்டறதுக்கு முன்னாடி அதோட கதைய பாக்கணும். கிராஃப்ட் கம்பெனி அந்த டப்பாவ 1937ல கொண்டு வந்தாங்க, ஊரே பஞ்சத்துல கிடந்த காலம், 19 சென்ட்டுக்கு நாலு பேர் சாப்பிடலாம்னா யார் வேணாம்பாங்க. அப்பறம் ரெண்டாம் உலகப்போர்ல கறிக்கும் வெண்ணெய், சீஸுக்கும் ரேஷன் வந்தப்ப ஒரு கூப்பனுக்கு ரெண்டு டப்பா கெடைச்சதுல இன்னும் பரவிடுச்சு. உள்ள இருக்கறது காஞ்ச மக்ரோனியும் சீஸ் பவுடரும் தான், வெண்ணெயும் பாலும் நாம ஊத்திக்கணும். அந்த பவுடருக்கு ரொம்ப வருசமா செயற்கை மஞ்சள் சாயம் போட்டுட்டு இருந்தாங்க, ஜனங்க சத்தம் போட்டதுல 2015ல எடுக்கறோம்னு அறிவிச்சாங்க, 2016 ஆரம்பத்துல எடுத்துட்டு அதுக்கு பதிலா என்ன போட்டாங்க தெரியுமா, மஞ்சள்தூளு! கூட பாப்ரிகா மிளகாப்பொடியும், நிறத்துக்கு போடற அன்னாட்டோ விதையும். மாத்தினத சத்தமில்லாம மாத்திட்டு, சில மாசம் வித்து முடிச்சுட்டு, அப்பறம் தான் விளம்பரமே போட்டாங்க, அது வரைக்கும் பெருசா யாரும் வித்தியாசத்த கண்டுக்கல. ஆக அமெரிக்கா குழந்தைங்க சாப்பிடற அந்த மஞ்சள் கலர்ல நம்ம அஞ்சறைப்பெட்டி சாமானும் இருக்கு. கனடால இத கிராஃப்ட் டின்னர்னும் சுருக்கி கேடினும் தான் சொல்லுவாங்க, ஸ்கார்பரோல இருக்கற என் சித்தி பொண்ணு வீட்ல பசங்க அது மேல கெட்சப் ஊத்தி சாப்பிடறாங்க, அங்க அது சகஜமாம், எனக்கு பாக்கவே முடியல.

வேலை முடிஞ்சு லேட்டா வந்த நாள்ல நானும் டப்பா தான் பிரிப்பேன், அதுல வெக்கப்பட என்ன இருக்கு. ஆனா பவுடர பால்ல கரைக்காம முதல்ல வெண்ணெய்ல பொரட்டி ஒரு நிமிஷம் கிளறி அப்பறம் பால் ஊத்துங்க, கட்டி தட்டாது, அந்த பவுடர் வாசனையும் கொறஞ்சுடும்.

சரி, வீட்ல முழுசா பண்றது. எங்கூட்டு அளவு, மக்ரோனி எவ்வளவு எடையோ சீஸும் அவ்வளவு எடை, அத கொறைச்சீங்கன்னா அது வொயிட் சாஸ் பாஸ்தா தான். 225 கிராம் மக்ரோனிக்கு 225 கிராம் சீஸ், 30 கிராம் வெண்ணெய், ரெண்டு டேபிள்ஸ்பூன் மைதா, அரை லிட்டர் பால். மக்ரோனி பாக்கெட்ல டியூரம் கோதுமைன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, மைதால பண்ணி லூஸ்ல விக்கறது சாஸ்ல போட்டு பத்து நிமிஷத்துல கொழஞ்சு போயிடும். தண்ணில உப்பு தாராளமா போட்டு கொதிக்க விட்டு, பாக்கெட்ல சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வடிச்சுடணும். வடிச்ச உடனே பைப்படில காட்டி பச்சத்தண்ணில அலசறது, எண்ணெய் விட்டு பெசரி வைக்கறது, இதெல்லாம் நம்ம ஊர் பழக்கம், உங்க செய்முறைலயும் இருந்துச்சு, இதுக்கு அது ஆகவே ஆகாது. மேல இருக்கற அந்த மாவுப்பசை தான் சாஸ புடிச்சு நிறுத்தும், அத கழுவிட்டீங்கன்னா சாஸ் தனியா மக்ரோனி தனியா கெடக்கும்.

சாஸுக்கு வெண்ணெய் உருகினதும் மைதாவ போட்டு பச்ச வாசனை போற வரைக்கும் வறுக்கணும், சிவக்க விடக்கூடாது. பால கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி விஸ்க்கால அடிச்சுட்டே இருந்தா கட்டி வராது, கொதி வந்தப்பறம் சின்ன தீல அஞ்சு ஆறு நிமிஷம், கரண்டி முதுகுல ஒட்டி நிக்கற பதம். இங்க ஒரு சிட்டிகை கடுகுப்பொடி போடுவேன், காரத்துக்கு இல்ல, சீஸ் ருசிய தூக்கி குடுக்கறதுக்கு, கொஞ்சம் மிளகுப்பொடி, அதோட சரி. இப்ப அடுப்ப அணைச்சுடுங்க. இது தான் முக்கியம், எல்லாரும் சொதப்பற இடமும் இது தான். அடுப்பு எரியறப்ப சீஸ போட்டு கொதிக்க விட்டா சீஸ்ல இருக்கற புரதம் சுருங்கி கொழுப்ப வெளிய தள்ளிடும், அடில மணல் மணலா ஒண்ணு, மேல எண்ணெய் மிதக்கறது ஒண்ணுன்னு பிரிஞ்சு போயிடும், அப்பறம் என்ன கிண்டினாலும் சேராது. ரெண்டு நிமிஷம் ஆற விட்டு, துருவின சீஸ கைப்பிடி கைப்பிடியா போட்டு, முதல் பிடி கரைஞ்சப்பறம் அடுத்த பிடி. உங்க செய்முறைல தக்காளி போட சொல்லியிருக்கீங்க, அந்த புளிப்போட பாலும் சீஸும் சேந்தா திரியாம என்ன பண்ணும், அதனால தான் நீங்க பால் சாஸே வைக்காம மேல தூவ சொல்லிட்டீங்கன்னு நெனைக்கறேன்.

எந்த சீஸுன்னா, ஷார்ப் செடார் முக்கா பங்கு, மான்டரி ஜாக் கால் பங்கு. ஷார்ப்னா ரொம்ப மாசம் வெச்சு பழசானது, ருசி நல்லா ஏறியிருக்கும், ஆனா பழசாக பழசாக உருகறப்ப எண்ணெய் விடற குணமும் ஜாஸ்தி ஆகும், அதனால ஜாக் மாதிரி இளசா ஒண்ண சேத்தா அது சாஸ வழுவழுன்னு வெச்சிருக்கும். ருசிக்கு பழசு, பதத்துக்கு இளசு. மொசரெல்லா வேண்டவே வேணாம்ங்க, நூல் இழுக்கறது பீட்சாவுக்கு அழகு, இங்க கரண்டில எடுத்தா சாஸ் வழியணும், இழுக்க கூடாது. அந்த அக்கா துருவின பாக்கெட்ட ஏன் திட்டினாங்கன்னா, துருவல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க கடைக்காரங்க உருளைக்கிழங்கு மாவு, செல்லுலோஸ் எல்லாம் தூவி வெச்சிருப்பாங்க, சாஸ்ல போட்டா அது நற நறன்னு நாக்குல தெரியும். கட்டியா வாங்கி பத்து பதினஞ்சு நிமிஷம் ஃப்ரீசர்ல போட்டு எடுத்து துருவுனா கைல ஒட்டாது. கை வலிக்க தான் செய்யும், அரை கிலோ துருவறப்ப வீட்ல இருக்கற ஆம்பளைங்கள கூப்பிடுங்க.

மேல சொன்னது அடுப்புல பண்ற வகை. பண்ணி அஞ்சு நிமிஷத்துக்குள்ள கிண்ணத்துல போட்டு ஸ்பூனால சாப்பிடணும், ஆற ஆற இறுகும், அதனால எறக்கறப்ப கொஞ்சம் தளர இருக்கேன்னு பயப்படாதீங்க, மக்ரோனி குடிச்சுடும். அவன்ல சுடறதுக்கு இந்த ஊர் அக்காங்க நெறைய பேர் மைதாவே போட மாட்டாங்க, முட்டையும் டின்ல வர்ற கெட்டிப்பாலும் (இனிப்பு போடாதது, மில்க்மெய்ட் இல்ல) அடிச்சு ஊத்தி, ஒரு அடுக்கு மக்ரோனி ஒரு அடுக்கு சீஸ்னு அடுக்குவாங்க, முட்டை தான் அந்த சதுரமா வெட்டற பதத்த குடுக்குது. எங்க மாமியார் முட்டை சாப்பிட மாட்டாங்க, அதனால எங்க வீட்ல அதே வொயிட் சாஸ் தான், ஆனா அரை கப் பால் கூட ஊத்தி தளர வெச்சு, மக்ரோனிய ரெண்டு நிமிஷம் முன்னாடியே வடிச்சு, டிரேல கொட்டி மேல கொஞ்சம் சீஸ் தூவி 180 டிகிரில அரை மணி நேரம். ஓரம் கொப்புளம் விட்டு பழுப்பாகணும். எடுத்த உடனே வெட்டக்கூடாது, பத்து நிமிஷம் நிக்கட்டும். மேல பிரெட் தூள் போடறவங்க இருக்காங்க, பெரிய ரெஸ்டாரன்ட்ல எல்லாம் போடறாங்க, எனக்கு அது பிடிக்கல, சீஸே முறுகி பொறுக்கு தட்டும்போது எதுக்கு ரொட்டித் தூள். அதே ரெஸ்டாரன்ட்ல ட்ரஃபுள்ங்கற காளான் வாசனை எண்ணெய் ஊத்தி நாலு மடங்கு விலை வாங்கறாங்க, அது கேஸ் லீக் ஆன மாதிரி ஒரு வாசனை, அதுக்கு உங்க கரம் மசாலாவே தேவலாம்.

இதெல்லாம் அமெரிக்கா கதை, திருச்சில சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட எங்க போய் ஷார்ப் செடார் தேடறதுன்னு கேப்பீங்க. நியாயம் தான். நம்ம ஊர் கடைல பெரும்பாலும் கெடைக்கறது ப்ராசஸ்டு சீஸ் கட்டி, கியூப், ஸ்லைஸ். அதுல ஒரு சௌகரியம் இருக்கு, உங்க பக்கத்துல அத சொல்லியிருக்கணும். ப்ராசஸ்டு சீஸ்ல சோடியம் சிட்ரேட் மாதிரி உப்பு சேத்திருப்பாங்க, 1911ல சுவிட்சர்லாந்துல கண்டுபிடிச்ச வித்தை அது, அந்த உப்பு சீஸ்ல இருக்கற கால்சியத்த புடிச்சு வெச்சுக்கறதால உருகறப்ப கொழுப்பு பிரியாது. அதனால மைதாவும் வேணாம், வறுக்கவும் வேணாம். 200 கிராம் மக்ரோனிக்கு ஒரு கப் பால சூடு பண்ணி, 200 கிராம் ப்ராசஸ்டு சீஸ துருவி போட்டு சின்ன தீல கலக்குங்க, தானா சாஸ் ஆயிடும், கடைசில ஒரு ஸ்பூன் வெண்ணெய். உப்பு மட்டும் தயவு செஞ்சு போடாதீங்க, மக்ரோனி வேகற தண்ணில கூட பாதி போடுங்க, அந்த சீஸ்லயே தாராளமா இருக்கு. ருசில செடார் அளவுக்கு வராது தான், அதுக்கு கடுகுப்பொடி ஒரு சிட்டிகை கூட போட்டுக்கங்க. ரெண்டு கியூப் தூவறதெல்லாம் கணக்குலயே சேராது.

சைவக்காரங்களுக்கு இன்னொண்ணு. பால உறைய வெச்சு சீஸ் ஆக்கற ரென்னட்ங்கறது பழைய முறைல கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கறது. நம்ம ஊர் பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கு, பாத்து வாங்கிடலாம். இங்க புள்ளி கிடையாது, பொருள் பட்டியல்ல மைக்ரோபியல்னோ வெஜிடபிள் ரென்னட்னோ போட்டிருந்தா சரி, வெறும் என்சைம்ஸ்னு போட்டிருந்தா தெரியாது, கம்பெனிய தான் கேக்கணும். இத்தாலில இருந்து வர்ற அசல் பார்மிஜானோவுல கன்னுக்குட்டி ரென்னட் தான், அதுல சந்தேகமே வேணாம். படிக்க வர்ற பசங்க, புள்ளைங்கள பாக்க வர்ற பெரியவங்க இத தெரிஞ்சுக்கட்டும்னு எழுதறேன், வந்தப்பறம் தெரிஞ்சு வருத்தப்படறத விட முன்னாடியே தெரியறது மேல்.

சாப்பிடறதுல என் ருசி சொல்றேன், யாருக்கும் கட்டாயம் இல்ல. கிண்ணம், ஸ்பூன். ஃபோர்க்ல குத்தி எடுத்தா சாஸ் எல்லாம் கீழயே நின்னுடும். இந்த ஊர்க்காரங்க மேல ரெண்டு சொட்டு ஹாட் சாஸ் விடுவாங்க, வினிகர் புளிப்புக்கு அது சூப்பரா ஒத்துப்போகும். எங்க மாமியார் வந்திருந்தப்ப முதல் நாள் ஒரு வாய் வெச்சுட்டு என்னடி இது பத்தியச் சாப்பாடுன்னாங்க, மறுநாள் அவங்களே மாவடு ஜாடிய திறந்து ஒண்ண எடுத்து பக்கத்துல வெச்சு ஒரு கடி, ஒரு ஸ்பூன்னு முழு கிண்ணத்தையும் காலி பண்ணிட்டாங்க. எலுமிச்ச ஊறுகா அவ்வளவு சரிப்படாது, மாவடு தான். அளவா சாப்பிடுங்க, வயிறு திம்முன்னு ஆயிடும், பால் ஒத்துக்காதவங்க அன்னிக்கு சாயங்காலம் வேற வேலை வெச்சுக்காதீங்க. உங்க பக்கத்துல கடைசியா ஓட்ஸ் போட்டு பனீர் போட்டு ஹெல்தியா மாத்தலாம்னு யோசனை சொல்லியிருந்தீங்க, அதுக்கு பேசாம உப்புமா கிண்டிடலாம்.

மிச்சம் ஆனத மைக்ரோவேவ்ல அப்பிடியே வைக்காதீங்க, எண்ணெய் கக்கிடும், ரெண்டு ஸ்பூன் பால் தெளிச்சு மூடி பாதி பவர்ல வைங்க. அவன்ல சுட்டது மிச்சமானா அத சூடே பண்ணாம ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஜில்லுலயே விரல் கனத்துக்கு துண்டு போட்டு, தோசைக்கல்ல காய வெச்சு துளி வெண்ணெய் விட்டு போடுங்க. தோசைக்கரண்டிய உடனே அடில விடாதீங்க ஒட்டிக்கும், ஓரம் தானா கல்ல விட்டு கழண்டு வர்ற வரைக்கும் பொறுத்துட்டு திருப்பினா ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு ஆயிடும், எங்க வீட்ல இதுக்காகவே ஒரு டிரே கூட பண்றது உண்டு.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி ஒருத்தி,
அட்லாண்டா, ஜார்ஜியா.